மைனர் எடுக்கவா வேணாமான்னு கேட்ட தங்கச்சிக்கு

போன சனிக்கிழமை சித்தி குடும்பத்தோட பிரிக்ஃபீல்ட்ஸ்ல ஒரு வாழையிலைக் கடையில உட்கார்ந்திருந்தோம், சித்தி மகளுக்கு செம் லீவு, பினாங்குல படிக்கிறா, முதல் நாள் ராத்திரிதான் பட்டர்வொர்த்ல இடிஎஸ் ரயில் ஏறி கேஎல் செண்ட்ரல் வந்து இறங்கியிருந்தா. ரசம் ஊத்தறதுக்கு முன்னாடியே ஆரம்பிச்சிட்டா. "அக்கா, மைனர் எடுக்கவா வேணாமா, அடுத்த செம் தொடங்கறதுக்குள்ள ஃபாரம் குடுக்கணும்."

நான் வாயத் திறக்கல, சித்தி முந்திக்கிட்டாங்க. "எதுக்குடி அதெல்லாம், ஆத்துல ஒரு கால் சேத்துல ஒரு கால்னு. எடுத்தத ஒழுங்கா முடி." சித்தப்பா வேற பக்கம், "எடுக்கறதுன்னா மேனேஜ்மெண்ட் எடு, நாளைக்கு வேலைக்குப் போனா ஆஃபிசர் ஆகலாம்". அவரு எந்தக் கேள்விக்கும் மேனேஜ்மெண்ட்தான் சொல்வாரு, யுனிவர்சிட்டிக்கு முன்னாடி எழுதற எஸ்டிபிஎம் பரீட்சைய நான் முடிச்சப்பவும் அதேதான் சொன்னாரு. நான் அப்பளத்த உடைச்சிக்கிட்டே "யோசிச்சு சொல்றேன்"னு சொல்லிட்டேன், ஏன்னா அங்க சொல்ற பதில் இல்ல அது. அந்தப் பதிலைத்தான் இப்ப எழுதறேன், கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்குங்க.

மைனர்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு முதல்ல. இங்க மலேசியாவுல பேச்சிலர் டிகிரிக்கு குறைஞ்சது 120 கிரெடிட் எடுக்கணும், ஒரு கிரெடிட்டுன்னா கிளாஸ், அசைன்மெண்ட், பரீட்சைக்கு உருப்போடறது எல்லாம் சேர்த்து 40 மணி நேர உழைப்புன்னு கணக்கு. அந்த 120-ல பெரும்பங்கு மேஜர், கொஞ்சம் எல்லாரும் கட்டாயமா எடுக்க வேண்டிய பொதுப்பாடம், மிச்சத்துல எலெக்டிவ். அந்த எலெக்டிவ்ங்கள ஆளுக்கு ஒன்னா சிதறவிடாம ஒரே துறையில வரிசையா எடுத்தா அதுக்குப் பேர் மைனர். எனக்கு ஆறு பாடம், 18 கிரெடிட். அதாவது 720 மணி நேரம். அப்ப யாராவது இப்படிப் பெருக்கிக் காட்டியிருந்தா நான் ஓடிப்போயிருப்பேன்.

எல்லாராலயும் எடுக்க முடியாது, அதையும் சொல்லிடணும். இன்ஜினியரிங், மருத்துவம், அக்கவுண்டிங் மாதிரி தொழில்முறை சங்கங்களோட அங்கீகாரம் வேண்டிய படிப்புகள்ல பாடத்திட்டம் ரொம்ப இறுக்கம், மூச்சுவிட எடம் இருக்காது. மேஜர், மைனர்ங்கற பேரே பழசுதான், அமெரிக்காவுல ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தோட 1877-78 பாடக் கையேட்டுல முதன்முதலா வந்ததுன்னு சொல்வாங்க.

சரி என் கதைக்கு வரேன்.

என் மேஜர் கம்ப்யூட்டர் சயின்ஸ், மைனர் மொழியியல். ஏதோ பெரிய லட்சியத்தோட எடுத்தேன்னு நினைக்காதீங்க. வெள்ளிக்கிழமை ஃப்ரீயா கிடைக்கிற மாதிரி டைம்டேபிள் வேணும்னு பாத்தேன், இந்தப் பாடங்கதான் பொருந்துச்சு, கூடவே என் ரூம்மேட்டும் எடுத்தா. அவ பினாங்குக்காரி, வீட்ல ஹொக்கியன்ங்கற சீன மொழி பேசறவ. எனக்கு வீட்ல தமிழ், தமிழ்ப்பள்ளியில ஆறு வருஷம், இடைநிலைப்பள்ளி முடிவுல எழுதற எஸ்பிஎம் பரீட்சையில தமிழ் எடுத்திருந்தேன், அதனால மொழின்னா என்ன பெருசா இருக்கப் போகுது, ஈஸியா ஏ வாங்கிடலாம்னு ஒரு திமிரு வேற.

முதல் கிளாஸ்லயே திமிரு போச்சு. லெக்சரர் உள்ள வந்து ஒன்னும் பேசல, ஒரு டிஷ்யூ பாக்கெட்டப் பிரிச்சு ஆளுக்கொரு டிஷ்யூ குடுத்தாரு. வாய்க்கு முன்னாடி தொங்கவிட்டுப் பிடிங்க, இங்கிலீஷ்ல ஊசியா இருக்கற 'பின்' சொல்லுங்கன்னாரு. எங்களுக்கு டிஷ்யூ அசையல. இங்கிலாந்துல பிறந்தவங்க சொல்ற மாதிரி அவரு சொன்னாரு, டிஷ்யூ படார்னு பறந்துச்சு. அப்புறம் 'ஸ்பின்' சொன்னாரு, அதே எழுத்து, ஆனா அசையல. என்னப் பாத்து தமிழ்ல ஒரு வார்த்தை சொல்லச் சொன்னாரு, 'பல்'னு சொன்னேன், டிஷ்யூ அப்படியே தொங்குது. பக்கத்துல ரூம்மேட்டு சிரிச்சிட்டே ஹொக்கியன்ல ரெண்டு வார்த்தை சொன்னா, ஒன்னுக்குப் பறந்துச்சு, இன்னொன்னுக்குப் பறக்கல. அவங்க மொழியில காத்து வர்ற 'ப' வேற, காத்து வராத 'ப' வேற, மாத்திச் சொன்னா அர்த்தமே மாறிடும். இங்கிலீஷ்காரங்களுக்கு ரெண்டும் வாயில வருது, ஆனா அவங்க காதுக்கு அது ரெண்டுன்னே தெரியாது. எனக்கோ வாயிலயே ஒன்னுதான். ஒரே ரூம்ல ஒன்னரை வருஷமா ஒரே மேகி மீ தின்னுட்டு இருக்கோம், அவ காதுல விழற ஒரு சத்தம் என் காதுல விழவே இல்லைங்கறது அன்னைக்குத்தான் தெரிஞ்சுது.

அன்னைக்கு ராத்திரி இந்திய முஸ்லிம்காரங்க நடத்தற மாமாக் கடையில உட்கார்ந்து நாங்க ரெண்டு பேரும் டிஷ்யூவத் தொங்கவிட்டு மாறி மாறி 'ப' 'ப'ன்னு சொல்லிட்டு இருந்தோம், தே தாரிக் கொண்டு வந்த அண்ணன் ஒரு மாதிரி பாத்துட்டுப் போனாரு.

இப்ப மேஜர் பக்கம் வாங்க. முதல் வருஷம் புரோகிராமிங் கிளாஸ்ல நான் ஒரு கேள்வி கேட்டிருந்தேன். 'கேரக்டர்'னா ஒரு பைட், அதாவது கம்ப்யூட்டர் நினைவகத்துல ஒரு சின்ன அறை, அதுல ஒரு எழுத்து இருக்கும்னு சொல்லித் தந்தாங்க. நான், தமிழ்ல 'கி' எத்தன கேரக்டர்னு கேட்டேன். "அதெல்லாம் யூனிகோட் பாத்துக்கும், இப்போதைக்கு இது அப்படித்தான்"னு பதில் வந்துச்சு. யூனிகோட்னா எல்லா மொழி எழுத்துக்கும் கம்ப்யூட்டர்ல ஆளுக்கொரு நம்பர் குடுக்கற பொதுக் குறியீடு. தப்பு சொல்லல, முதல் வருஷப் பசங்களுக்கு அதுக்கு மேல என்ன சொல்ல முடியும். ஆனா அந்தக் கேள்வி என் மண்டையில குந்திக்கிட்டே இருந்துச்சு, ரெண்டு வருஷம் கழிச்சு மைனர்ல எழுத்துமுறை பத்தின பாடத்துல உட்கார்ந்திருக்கறப்பதான் பதில் பாதி கிடைச்சுது.

என்னன்னா, நம்ம இலக்கணத்துல உயிர் 12, மெய் 18, இந்த 30-ம்தான் முதல் எழுத்து. மெய்யும் உயிரும் சேர்ந்து உயிர்மெய் 216, ஆய்தம் ஒன்னு, மொத்தம் 247, இது ஒன்னாம் வகுப்புல பாட்டு மாதிரி சொன்னது. இதுல 'க்'தான் அடிப்படை, அதோட 'அ' சேர்ந்தா 'க'. கம்ப்யூட்டருக்கு அப்படியே தலைகீழ். யூனிகோட்ல 'க'தான் அடிப்படை, அதுக்குப் பின்னாடி புள்ளின்னு தனியா ஒரு குறியப் போட்டா 'க்'. இலக்கணத்துக்கு கூட்டல், கம்ப்யூட்டருக்கு கழித்தல். இந்திய மொழிகளுக்கு 1988-ல வந்த இஸ்கிங்கற குறியீட்ட வச்சு யூனிகோட் இத எடுத்துக்கிச்சு, அது தேவநாகரி மாதிரி எழுத்துமுறையெல்லாம் மனசுல வச்சுப் போட்ட அமைப்பு. இது பிடிக்காமத்தான் தமிழ்நாட்டு அரசாங்கம் ஒவ்வொரு எழுத்துக்கும் தனி இடம் குடுக்கற டேஸ்16-னு ஒன்னையும் 2010-ல ஏத்துக்கிச்சு, ஆனா நம்ம ஃபோன்ல ஓடறது யூனிகோட்தான்.

இந்தத் தலைகீழ் விஷயத்த என் கம்ப்யூட்டர் கிளாஸ்ல யாரும் சொல்லல, தமிழ் கிளாஸ்லயும் சொல்லல. ரெண்டுலயும் உட்கார்ந்தவளுக்குத்தான் இடையில ஒரு பள்ளம் இருக்கறது தெரியும். அந்தப் பள்ளத்துல பாலம் போட்டவங்க நம்ம ஊர்லயே இருந்திருக்காங்க, முத்து நெடுமாறன் கம்ப்யூட்டர்ல தமிழ் அடிக்க முரசு, அப்புறம் 2005-ல கைப்பேசிக்கு செல்லினம்னு செஞ்சதெல்லாம் அந்த எடத்துல நின்னுதான். ஆப்பிள் கம்ப்யூட்டர்ல கூடவே வர்ற இணைமதி எழுத்துருவும் அவரோடதுதான். அது தெரியாமயே நான் அத வச்சு அசைன்மெண்ட் அடிச்சிட்டு இருந்தேன்.

இப்ப கசப்பு. சித்தி சொன்ன சேறு இருக்கே, அது நெசமாவே இருக்கு. கடைசி வருஷம் வாக்கிய அமைப்பு பத்தி ஒரு பாடம், மரம் மரமா கிளை கிளையா படம் வரையணும், அதோட பரீட்சையும் என் ஃபைனல் இயர் புராஜெக்டும் ஒரே வாரத்துல வந்து விழுந்துச்சு. புராஜெக்ட்ட காப்பாத்தினேன், பரீட்சையில சி பிளஸ். அந்த ஒரு சி பிளஸ்ல என் சிஜிபிஏ, அதாவது எல்லா செம்மும் சேர்த்த சராசரி, முதல் வகுப்புக்கு 0.03 கீழ போய் நின்னுடுச்சு. பிடிபிடிஎன்ங்கற அரசாங்கக் கல்விக் கடன் வாங்கிப் படிச்சவங்களுக்கு இது என்னன்னு புரியும், முதல் வகுப்பு எடுத்தா கடனக் கட்ட வேணாங்கற சலுகை நிபந்தனையோட இருந்துச்சு. நான் இன்னும் மாசாமாசம் கட்டிட்டு இருக்கேன். ஒவ்வொரு மாசமும் பணம் போகறப்ப அந்த மரப்படம் கண்ணுல வருது, பொய் சொல்ல மாட்டேன்.

அதுவும் போக, டிகிரி சுருள்ல என் மைனர் பேரே கிடையாது. சில எடத்துல 'டெங்கான்'னு, மலாய்ல 'உடன்'னு அர்த்தம், போட்டு டிகிரி பேரோட சேர்த்து வரும், என்னுது டிரான்ஸ்கிரிப்ட்ல மட்டும் ஒரு வரி. முதல் வேலைக்கு அஞ்சாறு இண்டர்வியூ போனேன், ஒருத்தர்கூட அந்த வரியப் பத்திக் கேக்கல. ஒரே ஒருத்தர் மட்டும் "மொழியியல்னா எத்தன மொழி பேசுவீங்க"ன்னு கேட்டாரு. அதனால மைனர் எடுத்தா வேலை கிடைக்கும்னு யாராவது சொன்னா, சித்தப்பா உட்பட, சிரிச்சிட்டுத் தலையாட்டிட்டு வந்துடு.

வேலைக்குச் சேர்ந்து ரெண்டு வருஷம் அந்த 720 மணி நேரம் எங்க போச்சுன்னே தெரியல. அப்புறம் ஒரு நாள் ஒரு சின்ன வேலை வந்துச்சு, தமிழ்ப்பள்ளிங்களுக்கு பரிசளிப்பு விழாவுக்கு பேர் அட்டை, சான்றிதழ் அடிச்சுத் தர்ற ஒரு புரோகிராம். பெட்டி சின்னது, அதனால பேர் 10 எழுத்துக்குள்ள இருக்கணும், மிஞ்சினா வெட்டிடணும்னு எங்க டீம்ல எழுதி வச்சிருந்தாங்க. அனுப்பின மறுநாள் ஒரு தலைமையாசிரியை ஃபோன் பண்ணாங்க. "ஏம்மா, பிள்ளை பேரு விஜயலட்சுமி. நீங்க விஜயலட்சும-ன்னு போட்டிருக்கீங்க, மேடையில எப்படிம்மா கூப்பிடறது?"

பெரியவரு ஒருத்தரு, எங்க சீனியர், "லிமிட்ட 20 ஆக்கிடு"ன்னுட்டு அடுத்த வேலையப் பாக்கப் போயிட்டாரு. நான் அங்கயே உட்கார்ந்து எண்ணினேன். வி, ஜ, ய, ல, ட், சு, மி. பாட்டி விரல் விட்டு எண்ணினா 7. பெட்டியில தாராளமா அடங்கற பேரு. ஆனா யூனிகோட்ல மேல்விலங்கு, கீழ்விலங்கு, புள்ளி எல்லாம் தனித்தனி, அதனால 11. பத்தோட வெட்டினதால 'மி'யோட மேல்விலங்கு மட்டும் போச்சு. அதையே பைட் கணக்குல எண்ணினா ஒன்னொன்னுக்கும் 3, ஆக 33. ஒரே பேரு, 7, 11, 33. மூணுமே சரிதான், எதை எண்ணறோம்னு தெரியாம எண்ணினதுதான் கோளாறு. லிமிட்ட 20 ஆக்கினா அடுத்த வருஷம் இன்னும் நீளமான பேருள்ள ஒரு பிள்ளைக்கு ஒரு குறி போயிருக்கும், அவ்வளவுதான்.

தோண்ட ஆரம்பிச்சதும் இன்னும் வந்துச்சு. கௌரின்னு ஒரு பிள்ளை, லிஸ்ட்ல இருக்கா, தேடினா கிடைக்க மாட்டேங்கறா. பாத்தா டைப் பண்ண டீச்சர் 'கெ' போட்டு பக்கத்துல 'ள' போட்டிருக்காங்க, கண்ணுக்கு கௌ மாதிரியேதான் இருக்கு, கம்ப்யூட்டருக்கு அவ கெ-ள-ரி. ஸ்ரீயும் அதே கதை, ஸ போட்டு ஒன்னு, ஶ போட்டு ஒன்னு, ரெண்டும் திரையில ஒரே மாதிரி தெரியும், தேடினா ஒன்னு கிடைச்சா இன்னொன்னு கிடைக்காது. அப்புறம் க்ஷ, நாம ஒரே எழுத்தாப் பாக்கறோம், புள்ளியத் தனியா எண்ணாம எழுத்தெழுத்தா பிரிக்கற யூனிகோட் விதிப்படி எண்ணினாலும் க், ஷ-ன்னு ரெண்டு. இதையெல்லாம் ஒரு பக்கத்துக்கு எழுதி, எங்க வெட்டலாம் எங்க வெட்டக்கூடாதுன்னு சின்னதா ஒரு ஃபங்ஷன் போட்டேன், நூறு வரிகூட இருக்காது. சீனியர் வாசிச்சிட்டு "இதெல்லாம் உனக்கு யாரு சொல்லித் தந்தா"ன்னாரு. டிஷ்யூ பாக்கெட் குடுத்த ஆளத்தான் நினைச்சேன்.

அதுக்காக என்னைத் தூக்கி மேனேஜர் ஆக்கல, சம்பளம் 10 வெள்ளிகூட ஏறல. ஆனா அதுக்கப்புறம் தமிழோ, தாய்லாந்து எழுத்தோ, மலாய அரபு எழுத்துல எழுதற ஜாவியோ, இங்கிலீஷ் இல்லாத எது வந்தாலும் "அவகிட்ட குடு"ன்னு என் மேசைக்கு வரும். தெரியாத எழுத்துமுறையா இருந்தாலும் என்ன கேள்வி கேக்கணும்னு எனக்குத் தெரியும், அதுதான் வித்தியாசம்.

இப்ப உனக்கு வரேன் தங்கச்சி. அன்னைக்கு சாப்பிட்டுட்டு நடந்து வர்றப்ப உன் லேப் பத்தி புலம்பிட்டு வந்த பாரு, மைக்ரோபயாலஜியில தட்டுல கிருமிய வளர்த்து புள்ளி புள்ளியா எண்ணணும், 30-க்கும் 300-க்கும் நடுவுல இருந்தாத்தான் கணக்குல சேர்க்கணும், உனக்கு 22 வந்துச்சு, திரும்பச் செய்யச் சொல்லிட்டாங்கன்னு. ஏன் 30-க்குக் கீழ எண்ணக்கூடாதுன்னு கேட்டதுக்கு "புரொசீஜர் அப்படித்தான்"னு சொன்னாங்கன்னு உனக்கு அவ்வளவு கடுப்பு. 300-க்கு மேல ஏன் கூடாதுன்னு உனக்கே தெரியுது, ஒன்னோட ஒன்னு ஒட்டிக்கும், பிரிச்சு எண்ண முடியாது. கீழ் எல்லைதான் புரியல.

அந்தப் பதில் உன் டிபார்ட்மெண்ட்ல இல்லடி, புள்ளியியல்ல இருக்கு. தற்செயலா விழற புள்ளிங்கள எண்ணினா, எண்ணிக்கையோட வர்க்கமூலம் அளவுக்கு அங்க இங்க ஆடும். 100 எண்ணினா 10 கூடலாம் குறையலாம், அது பத்து சதவீதம். 25 எண்ணினா 5, அது இருபது சதவீதம். 9 எண்ணினா 3, மூணுல ஒரு பங்கு போச்சு. 30-ல யாரோ ஒரு கோடு போட்டு இதுக்குக் கீழ நம்ப முடியாதுன்னு நிறுத்தியிருக்காங்க, சில லேப்ல 25-லருந்து 250 வரைக்கும்னு வேற வச்சிருக்காங்க, அதுலயே தெரியுதுல்ல இது மனுஷன் போட்ட கோடுன்னு.

உனக்கு கணக்கு பிடிக்காதுன்னு தெரியும், எஸ்பிஎம்ல அடிஷனல் மேத்ஸ்க்கு நீ அழுததையும் பாத்திருக்கேன். ஆனா நடுரோட்ல நின்னு 22-க்கும் 30-க்கும் என்னடி பெரிய வித்தியாசம்னு பத்து நிமிஷம் சண்டை போட்டது நீதான், நானில்ல. மேனேஜ்மெண்ட் பத்தி அன்னைக்கு நீ ஒரு வார்த்தை பேசல. 'அது அப்படித்தான்'னு உன் டிபார்ட்மெண்ட் எந்த எடத்துல கதவ சாத்துதோ, அந்தக் கதவுக்குப் பின்னாடி எந்தத் துறை இருக்குன்னு பாரு, நான் அவ்வளவுதான் சொல்வேன். பிடிச்சத எடுன்னு சொல்ல மாட்டேன், எனக்கு அப்ப பிடிச்சது வெள்ளிக்கிழமை லீவுதான்.

ஒரு விஷயத்துல மட்டும் கறாரா இரு. ஆறு பாடத்தையும் எந்தெந்த செம்ல எடுப்பேன்னு இப்பவே ஒரு தாள்ல எழுதி, உன் கடைசி வருஷ புராஜெக்ட் வர்ற செம்ல மைனர் பாடம் ஒன்னுகூட விழாம வை, விழுந்தா லேசானது எதுவோ அதப் போடு. லேப் இருக்கற நாளும் மைனர் கிளாஸும் மோதும், அத செம் தொடங்கினப்புறம் பாத்தா சீட் இருக்காது. நடுவுல சரிப்படலைன்னா விட்டுடு, எடுத்த பாடங்க எலெக்டிவ் கணக்குல சேருமான்னு மட்டும் முன்னாடியே ஆஃபிஸ்ல கேட்டு வச்சுக்க, வாய்ல சொன்னா பத்தாது, ஈமெயில்ல வாங்கு. என் சி பிளஸ்ஸ நீயும் வாங்காத. வாங்கினா கடன் நீதான் கட்டணும், சித்தி கட்ட மாட்டாங்க.

இதப் பாதி எழுதிட்டு இருக்கறப்பவே வாட்ஸ்அப்ல அவகிட்ட இருந்து வந்துச்சு. "அக்கா ஸ்டாட்ஸ் மைனர் பாடம் பாத்தேன். முதல் பாடம் திங்கக்கிழமை காலையில 8 மணியாம். வேற செக்‌ஷன் இல்லையாம். என்னக்கா செய்ய?"

அதுக்கு இன்னும் பதில் போடல.